கையடக்க வானொலிக்கு ஏற்ற பாட்டரி எது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மனிதக் குரல் கூப்பிடு தூரத்தைத் தாண்டிக் கேட்பதில்லை. அந்த எல்லையைக் கடக்க மனிதன் பறை அறைந்தான், தீ மூட்டினான், கொடி அசைத்தான். பின்னர் கம்பி வழியாகவும், அதன் பின் கம்பியே இல்லாமலும் பேசக் கற்றான். கம்பியின்றிப் பேசும் கருவிகளுள் கையிலேயே எடுத்துச் செல்லத்தக்கது ‘வாக்கி டாக்கி’ எனப்படும் இருவழி வானொலி. காவல் துறையினர், இரயில்வே ஊழியர், கப்பல் மாலுமிகள், மலையேறுவோர், மீனவர் எனப் பலரும் இதனைப் பயன்படுத்துகின்றனர். கைப்பேசி வந்த பிறகு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். கைப்பேசி பேச இடையில் ஒரு கோபுரம் வேண்டும். வாக்கி டாக்கிக்குக் கோபுரம் வேண்டாம். ஒரு கருவி மற்றொரு கருவியோடு நேரே பேசும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் ஓய்ந்தபோது, போர்ட் பிளேரில் தங்கியிருந்த அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும் வானொலி வழியாகவே தீவுகளின் செய்தியை வெளியே அனுப்பினர். பெரிய தொடர்பு ஏற்பாடுகள் விழும்போது சிறிய வானொலி நிற்கும் என்பதற்கு இது சான்று.

ஆனால் அந்தச் சிறிய வானொலி எதன் மேல் நிற்கிறது? அதன் முதுகில் மாட்டியிருக்கும் பாட்டரியின் மேல்தான். கருவியை வாங்கும்போது எத்தனை வாட், எத்தனை சேனல் என்று துருவித் துருவிக் கேட்கும் நாம், பாட்டரியைக் கடைக்காரர் கொடுத்தபடியே வாங்கி வந்துவிடுகிறோம்.

இதைப் பற்றி நான் எழுத ஒரு காரணம் உண்டு. என் தந்தையும் தமையனாரும் பைபர் படகில் தொழில் செய்கிறவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே வீட்டுக்கு எந்தக் கருவி வாங்கினாலும், “நீதானடா படிச்ச புள்ள, எதுன்னு நீயே பார்த்துச் சொல்லு” என்று என்னிடம் தள்ளிவிடுவார்கள். வானொலியின் பழைய பாட்டரி ஓய்ந்து புதியது வாங்க வேண்டி வந்தபோதும் அப்படியே ஆயிற்று. கடையில் ஒரே கருவிக்கு நான்கு வகைப் பாட்டரிகளை எடுத்து வைத்தார்கள். விலை வேறு, எடை வேறு, மேலே அச்சிட்ட எண்ணும் வேறு. அதற்கு விடை தேடப் போய் நான் அறிந்தவற்றைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறு வரலாறு

இத்தாலிய அறிஞர் வோல்டா 1800-ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். 1866-இல் பிரெஞ்சுக்காரர் லெக்லாஞ்சி அமைத்த மின்கலம் நம் ஆய்வகத்து அலமாரியில் இன்றும் கண்ணாடிக் குடுவையில் காட்சி தருகிறது. குடுவைத் திரவத்தைப் பசையாக மாற்றிக் கையில் எடுத்துச் செல்லும் ‘உலர் மின்கலம்’ ஆக்கியவர் 1880-களில் வாழ்ந்த ஜெர்மானியர் கார்ல் காஸ்னர்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினருக்காக மோட்டரோலா நிறுவனம் உருவாக்கிய எஸ்.சி.ஆர்.-536 என்னும் கருவி கையடக்க வானொலிகளின் முன்னோடிகளுள் ஒன்று. அதன் எடை 5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2¼ கிலோ. அக்காலத்தில் டிரான்சிஸ்டர் கிடையாது, வால்வுகளே இருந்தன. வால்வின் இழையைச் சூடாக்க 1.5 வோல்ட் பாட்டரி ஒன்றும், அதன் தகட்டுக்கு 103.5 வோல்ட் பாட்டரி ஒன்றும் அக்கருவிக்குள் இருந்தன. போர்வீரன் தோளில் சுமந்தது வானொலியை என்பதைவிடப் பாட்டரியை என்பதே பொருந்தும்.

அப்போரில் வெளிப்பட்ட ஓர் உண்மை நம் போன்ற வெப்ப நாட்டினர்க்கு முக்கியமானது. குளிர் நாட்டில் நன்றாக இருந்த துத்தநாக-கரி உலர் மின்கலங்கள், வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளுக்குப் போய்ச் சேருமுன்பே கெட்டுப்போயின. இக்குறையை நீக்கவே சாமுவேல் ரூபன் என்பவர் 1942 வாக்கில் பாதரச மின்கலத்தைப் போர்க் கருவிகளுக்கு ஏற்றதாக உருவாக்கினார். பாதரசத்தின் நச்சுத் தன்மையால் அந்த மின்கலம் பின்னாளில் கைவிடப்பட்டது. ஆயினும் அன்று கற்ற பாடம் பழையதாகிவிடவில்லை. ஒரு பாட்டரி நல்லதா கெட்டதா என்பதை, அது எங்கே, எந்த நிலையில் பயன்படப் போகிறது என்பதைச் சொல்லாமல் தீர்மானிக்க முடியாது.

வானொலியின் பசி எவ்வளவு?

ஒரு கையடக்க வானொலிக்கு மூன்று நிலைகள் உண்டு. பொத்தானை அழுத்திப் பேசுவது ஒன்று; எதிராளி பேசுவதை ஒலிபெருக்கியில் கேட்பது இரண்டு; செய்தி வருமா என்று ஓசையின்றிக் காத்திருப்பது மூன்று. இம்மூன்றுக்கும் பசி ஒன்றல்ல. 7.4 வோல்ட் பாட்டரியில் இயங்கும் 5 வாட் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேசும்போது 1500 மில்லி ஆம்பியர், கேட்கும்போது 200, காத்திருக்கும்போது 50 என்று வைத்துக்கொள்வோம். கருவிக்குக் கருவி இவை மாறினாலும் விகிதம் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

பாட்டரி இத்தனை மணி நேரம் உழைக்கும் என்று விளம்பரத்தில் சொல்லும்போது, பெரும்பாலும் ‘5-5-90’ என்னும் கணக்கை வைத்தே சொல்கிறார்கள். அதாவது நூற்றுக்கு 5 பங்கு நேரம் பேச்சு, 5 பங்கு கேட்டல், 90 பங்கு காத்திருத்தல். இதன்படி சராசரி மின்னோட்டம் 75 + 10 + 45 = 130 மில்லி ஆம்பியர். பாட்டரியின் கொள்ளளவு 1300 மில்லி ஆம்பியர் மணி என்றால் 10 மணி நேரம் வரும். சரி.

ஆனால் கடலில் வலை விட்டுக்கொண்டும், மீன் எங்கே கிடைக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டும் இருக்கும் படகுகளில் 5 பங்கோடு பேச்சு நிற்குமா? 10-10-80 என்று கொள்வோம். சராசரி 150 + 20 + 40 = 210 ஆகிவிடுகிறது. அதே பாட்டரி இப்போது 6 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். பேச்சு 5 பங்கு கூடியதற்கு நான்கு மணி நேரம் குறைந்துவிட்டது!

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பெரும்பாலான கடல் வானொலிகளில் வெளியீட்டு ஆற்றலை 5 வாட்டிலிருந்து 1 வாட்டாகக் குறைக்கும் பொத்தான் உண்டு. அப்போது பேசும் மின்னோட்டம் சுமார் 600 மில்லி ஆம்பியர் என்றால், அதே 10-10-80 கணக்கில் சராசரி 60 + 20 + 40 = 120. பாட்டரி ஏறத்தாழ 11 மணி நேரம் வரும். செலவில்லாமல் பாட்டரியை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் வழி இது. அருகில் இருக்கும் படகோடு பேச 1 வாட்டே போதும். 5 வாட்டை ஆபத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பேச அழுத்தினால் அணைவது ஏன்?

வானொலி வைத்திருப்போர் பலர் கண்டிருக்கும் காட்சி இது. கருவி நன்றாகக் கேட்கிறது, விளக்கு எரிகிறது. பேசப் பொத்தானை அழுத்தியதும் ‘டக்’ என்று அணைந்துவிடுகிறது. கருவி பழுது என்று எண்ணிப் பலர் பழுது பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பல வேளைகளில் குற்றவாளி நாம் செய்முறைத் தேர்வில் சந்தித்த பழைய நண்பர்தான்: அகமின்தடை.

ஒவ்வொரு மின்கலத்துக்குள்ளும் ஒரு தடை ஒளிந்திருக்கிறது. மின்னோட்டம் கூடக் கூட, மின்னியக்கு விசையின் ஒரு பகுதியை அத்தடையே விழுங்கிவிடும். ஆறு ஆல்கலைன் பென்சில் செல்களைத் தொடராக இணைத்தால் 9 வோல்ட். ஒவ்வொன்றின் அகமின்தடை 0.2 ஓம் என்றால் மொத்தம் 1.2 ஓம். பேசும்போது 1.5 ஆம்பியர் ஓடினால் 1.8 வோல்ட் உள்ளேயே வீணாகி, 7.2 வோல்ட் கருவிக்குக் கிடைக்கும். இது போதும்.

செல்கள் பாதி தேய்ந்த பிறகு பாருங்கள். ஒவ்வொன்றும் 1.3 வோல்ட், தடை 0.4 ஓம் என வைத்துக்கொள்வோம். மொத்தம் 7.8 வோல்ட், ஆனால் 2.4 ஓம் தடையில் 3.6 வோல்ட் விழுந்துவிடும். மிஞ்சுவது 4.2 வோல்ட். கருவி அணைகிறது. பொத்தானை விட்டால் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியராகக் குறைவதால், உள்ளே விழுவது 0.12 வோல்ட்தான், கருவி மீண்டும் உயிர் பெற்று ஒன்றும் அறியாதது போல் கேட்கத் தொடங்குகிறது.

இப்போது ஆறு நிக்கல்-உலோக ஹைட்ரைடு செல்களை எடுத்துக்கொள்வோம். இவை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், மொத்தம் 7.2. ஆனால் ஒவ்வொன்றின் தடை 0.03 ஓம் அளவே என்றால், 1.5 ஆம்பியரில் விழுவது 0.27 வோல்ட். கருவிக்கு 6.93 வோல்ட் கிடைக்கிறது. கடையில் ‘1.5 வோல்ட்டைவிட 1.2 வோல்ட் மட்டம்’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட்டை விட, சுமை ஏறும்போது தாங்கும் வோல்ட்டே பாட்டரியின் உண்மையான பலம்.

இதை நம் ஆய்வகத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பென்சில் செல்லின் மின்னழுத்தத்தை முதலில் சுமையின்றி அளக்கவும். அது 1.5 வோல்ட் என்க. பிறகு 2 ஓம், 2 வாட் மின்தடை ஒன்றை ஒரு விநாடி இணைத்து மீண்டும் அளக்கவும். 1.3 வோல்ட் காட்டினால், குறைந்தது 0.2. அதை 1.3 ஆல் வகுத்து 2 ஆல் பெருக்க அகமின்தடை ஏறத்தாழ 0.3 ஓம். புதிய செல்லையும் பழைய செல்லையும் இவ்வாறு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். லித்தியம் பாட்டரியில் மட்டும் கம்பியை வைத்து விளையாடக் கூடாது. குறுக்குச் சுற்று ஏற்பட்டால் தீப்பிடிக்கும்.

கடையில் கிடைக்கும் வகைகள்

துத்தநாக-கரி செல்: விலை மிகக் குறைவு. சுவர்க் கடிகாரத்துக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் போதும். அகமின்தடை மிகுதி, நம் வெயிலில் சேமிப்பு ஆயுளும் குறைவு. தேய்ந்த பிறகு ஒழுகிக் கருவியின் இணைப்புகளை அரித்துவிடும். வானொலிக்கு ஏற்றதன்று.

ஆல்கலைன் செல்: 1950-களில் லூயிஸ் அர்ரி என்னும் பொறியாளர் உருவாக்கியதன் வழிவந்தது. உறை பிரிக்காமல் வைத்தால் பல ஆண்டுகள் கெடாது. பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் மின்னேற்றம் செய்ய முடியாது; அதிக மின்னோட்டத்தில் சோர்ந்துவிடும். கடல் வானொலிகள் சிலவற்றில் இந்தச் செல்களைப் போடத் தனிப் பெட்டி தருகிறார்கள். அதை மாட்டினால் குறைந்த ஆற்றலில் மட்டுமே பேச முடியும்படி அமைத்திருப்பார்கள். காரணம் மேலே கண்ட கணக்குதான்.

நிக்கல்-காட்மியம்: ஸ்வீடன் நாட்டு யுங்னர் 1899-இல் கண்டது. நீண்ட காலம் காவல் துறை, இராணுவ வானொலிகளின் முதுகெலும்பாக இருந்தது இதுவே. முரட்டுத்தனமான உழைப்பாளி, குளிரையும் தாங்கும். ஆனால் முழுதும் தீருமுன் திரும்பத் திரும்ப மின்னேற்றினால் கொள்ளளவு சுருங்கும் ‘நினைவுக் குறை’ இதற்கு உண்டு. அதைவிடப் பெரிய குறை காட்மியத்தின் நஞ்சு. ஜப்பானின் தொயாமா பகுதியில் சுரங்கக் கழிவால் ஆற்றில் கலந்த காட்மியம், நெல் வழியாக மக்கள் உடலில் ஏறி எலும்பை நொறுக்கிய ‘இத்தாய்-இத்தாய்’ நோயை நாம் வேதியியல் வகுப்பில் படித்திருக்கிறோம்.

நிக்கல்-உலோக ஹைட்ரைடு: 1980-களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. காட்மியம் இல்லை, கொள்ளளவும் கூடுதல். ஆனால் சும்மா வைத்திருந்தாலே மாதத்துக்கு நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் தானே இறங்கிவிடும். 2005-இல் இக்குறையைப் பெரிதும் போக்கிய புதிய வகை வந்தது. அது ஓராண்டுக்குப் பின்னும் பெரும்பகுதி மின்னேற்றத்தைக் காத்து வைத்திருக்கும். பென்சில் செல் போடும் வானொலிகளுக்கு இதுவே மிக நல்ல தேர்வு.

லித்தியம்-அயனி: 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதற்கு அடித்தளமிட்ட குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு செல்லே 3.6 அல்லது 3.7 வோல்ட், இரண்டு சேர்ந்தால் 7.4. எடை குறைவு, நினைவுக் குறை இல்லை, தானே இறங்குவதும் மிகக் குறைவு. இன்றைய கையடக்க வானொலிகளில் பெரும்பாலானவை இதிலேயே ஓடுகின்றன. ஆனால் வெப்பம் இதன் எதிரி. ஒவ்வொரு நிறுவனத்தின் பாட்டரிக்கும் வடிவம் வேறு. கெட்டால் அடுத்த கடையில் கிடைக்காது.

மின்னேற்றம் செய்ய இயலாத லித்தியம் செல்: விலை கூடுதல். ஆனால் பத்தாண்டுகளுக்கு மேல் கெடாது, கடுங்குளிரிலும் உழைக்கும். தினசரிப் பயன்பாட்டுக்கன்று, ஆபத்துக் காலச் சேமிப்புக்கு உரியது.

எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

கடையில் நாம் முதலில் பார்ப்பது ‘மில்லி ஆம்பியர் மணி’ என்னும் எண். அது பெரிதாக இருந்தால் பாட்டரி பெரிது என்று எண்ணுகிறோம். வோல்ட் ஒன்றாக இருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும். இல்லாவிட்டால் இரண்டையும் பெருக்கி ‘வாட் மணி’ காண வேண்டும். 7.4 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர் மணிப் பாட்டரியில் 13.3 வாட் மணி இருக்கிறது. 3.7 வோல்ட், 2600 என்று அச்சிட்டதில் 9.6 வாட் மணிதான் இருக்கிறது. எண் பெரிது, சரக்கு சிறிது.

அச்சிட்ட எண்ணே பொய்யாகவும் இருக்கலாம். லித்தியம்-அயனிப் பாட்டரிகளுக்குள் இருக்கும் 18650 என்னும் உருளைச் செல்லில் இன்று கிடைக்கும் சிறந்தவையே 3500 மில்லி ஆம்பியர் மணி அளவில்தான் நிற்கின்றன. ஆனால் அதே அளவுச் செல்லில் 9900 என்று அச்சிட்டு விற்பதைக் காணலாம். அரைப்படி உழக்கில் ஒரு மரக்கால் நெல் கொள்ளும் என்றால் நம்புவோமா?

உண்மையான எண்ணுக்கும் முதுமை உண்டு. சில நூறு முறை மின்னேற்றிய பின் லித்தியம்-அயனிப் பாட்டரி தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுவது இயல்பு. ஆகவே தேவையைக் கணக்கிடும்போது புதுப் பாட்டரியை அல்ல, ஓராண்டு கழித்து இருக்கப் போகும் பாட்டரியை மனத்தில் வைக்க வேண்டும். 12 மணி நேரம் கடலில் இருக்கும் படகுக்கு 1 வாட் கணக்கில் 12 × 120 = 1440 வேண்டும். 0.8 ஆல் வகுத்தால் 1800. எப்போதும் 5 வாட்டிலேயே பேசுவோம் என்றால் 12 × 210 = 2520; வகுத்தால் 3150. வாங்குமுன் இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எங்கே, எது?

நம் கல்லூரி விளையாட்டு விழாவிலோ, ஊர்த் தேர்த் திருவிழாவிலோ தொண்டர்கள் பேசிக்கொள்ள அரை வாட் கருவிகள் போதும். (இந்தியாவில் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த ஆற்றல் கருவிகளுக்கே தனி உரிமம் வேண்டாம். அதனைத் தாண்டிய கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்தக் கூடாது என்பதை நண்பர்கள் மறவாதிருப்பார்களாக.) இங்கே மின்னேற்ற வசதி பக்கத்திலேயே உண்டு. நிக்கல்-உலோக ஹைட்ரைடு பென்சில் செல்கள் சிக்கனமானவை.

பனிமலை ஏறுவோருக்கு, குளிரில் ஆல்கலைன் செல் மிகவும் சோர்ந்துவிடும். லித்தியம் செல் வேண்டும்; அதையும் சட்டைக்குள் உடல் சூட்டில் வைத்துக்கொள்வது நல்லது. பெட்ரோலிய ஆலை, நிலக்கரிச் சுரங்கம் போன்ற எரிவாயு சூழ்ந்த இடங்களில், தீப்பொறி எழாதபடி அமைத்துச் சான்று பெற்ற பாட்டரியை மட்டுமே மாட்ட வேண்டும். அங்கே விலை குறைவென்று வேறு பாட்டரி மாட்டினால் கருவிக்குரிய பாதுகாப்புச் சான்றே செல்லாது.

இனி, கடல். முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பெரிய பாட்டரி போட்டால் அதிகத் தூரம் பேசலாம் என்று கரையில் ஒரு நம்பிக்கை உண்டு. கடல் வானொலியின் வி.எச்.எஃப். அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். இரு படகுகளிலும் கருவியின் ஏரியல் நீர்மட்டத்துக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் எட்டும் தூரம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். கரையில் 36 மீட்டர் கோபுரம் இருந்தால் 30 கிலோமீட்டர் வரை எட்டலாம். அதற்கப்பால் எந்தப் பாட்டரியாலும் ஆவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைச் சூறையாடியபோது, ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டாமற்போனதில் இந்த இயற்பியலுக்கும் பங்குண்டு. படகுக்குப் படகு செய்தியைக் கைமாற்றுவதே அங்கே வழி. ஒரு படகில் பாட்டரி ஓய்ந்திருந்தால் சங்கிலி அங்கே அறுந்துவிடும். ஆகவே கடலில் பாட்டரி ஒருவருடைய சொந்த வசதி மட்டுமன்று. அது அடுத்த படகின் உயிரும் ஆகும்.

உலகக் கப்பல்கள் இதற்கு என்ன செய்கின்றன என்று தேடினேன். ‘சோலாஸ்’ எனப்படும் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, 500 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்கள் உயிர்காப்புப் படகுகளுக்கெனக் குறைந்தது மூன்று கையடக்க வானொலிகளை வைத்திருக்க வேண்டும். அவற்றின் பாட்டரி, முழு ஆற்றலில் 8 மணி நேரம் தாங்க வேண்டும். கணக்கு இதுதான்: ஒவ்வொரு நிமிடத்திலும் 6 விநாடி பேச்சு, 6 விநாடி கேட்டல், 48 விநாடி காத்திருத்தல். நாம் மேலே போட்ட 10-10-80 கணக்கேதான் இது! ஆபத்துக்கென வைக்கும் மின்னேற்றம் செய்ய இயலாத பாட்டரி, முத்திரை உடையாமல் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கெடாதிருக்க வேண்டும் என்பதும் விதி. தினசரிப் பேச்சுக்கு மின்னேற்றும் பாட்டரி ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, முத்திரையிட்டதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள்.

இவ்விதியைப் படித்த பிறகு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ‘எந்தப் பாட்டரி நல்லது?’ என்ற கேள்வியே அரைக் கேள்வி. வேலைக்கு ஒரு பாட்டரி, ஆபத்துக்கு ஒரு பாட்டரி என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்துக் கேட்க வேண்டும். வேலைக்கு உரியது தினமும் மின்னேற்றத் தாங்க வேண்டும். ஆபத்துக்கு உரியது தொடாமல் கிடந்தும் உயிரோடு இருக்க வேண்டும். இவ்விரண்டு குணங்களையும் ஒரே பாட்டரியில் எதிர்பார்ப்பதால்தான் ஏமாற்றம் வருகிறது.

எங்கள் படகுக்கும் அப்படியே முடிவு செய்தோம். பைபர் படகில் மின்னேற்ற வசதி கிடையாது. ஆகவே தினசரி வேலைக்குக் கருவியின் நிறுவனமே தரும் 7.4 வோல்ட், 1800 லித்தியம்-அயனிப் பாட்டரி. பேச்செல்லாம் 1 வாட்டில். ஆபத்துக்கு, பென்சில் செல் போடும் பெட்டியும், உறை பிரிக்காத ஆல்கலைன் செல்களும், தண்ணீர் புகாத டப்பாவில். டப்பாவின் மேல் செல்களின் காலாவதி ஆண்டை எழுதி ஒட்டினேன். விலை கூடிய 3000 பாட்டரி ஒன்று வாங்குவதைவிட இது செலவு குறைவு என்று கண்டதும் தந்தையார் உடனே இசைந்தார்.

பேணும் முறை

நல்ல பாட்டரியையும் கெடுக்க நம்மால் முடியும். வெயிலில் சுட்ட பாட்டரியை உடனே மின்னேற்றியில் வைக்கக் கூடாது. நிழலில் ஆறவிட வேண்டும். லித்தியம்-அயனிப் பாட்டரியை 45 பாகை செல்சியசுக்கு மேல் மின்னேற்றுவது அதன் ஆயுளைக் குறைக்கும். மீன்பிடித் தடைக்காலம் போல வாரக்கணக்கில் பயன்படுத்தாத நாள்களில் பாதி மின்னேற்றத்தோடு, கருவியிலிருந்து கழற்றி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். முழுதும் தீர்ந்த நிலையில் போட்டு வைத்தால் மீண்டும் உயிர் பெறாமலே போகலாம்.

கடலிலிருந்து வந்ததும் இணைப்புத் தகடுகளை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். உப்புப் படிந்த தகடு அகமின்தடையோடு இன்னொரு தடையைக் கூட்டுகிறது. பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து போடக் கூடாது. பலமுள்ளவை நலிந்ததைத் தலைகீழாக மின்னேற்றி ஒழுகச் செய்துவிடும். உதிரிச் செல்களைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் சட்டைப் பையில் போடுவதும் தீங்கானது. உப்பிய பாட்டரியைத் தயக்கமின்றி ஒதுக்கிவிட வேண்டும்.

ஓய்ந்த பாட்டரியைக் கடலில் வீசும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் சுமத்தியுள்ளன. திரும்பப் பெறும் இடத்தில் அவற்றைச் சேர்ப்பது நம் கடமை. நாம் வீசும் நஞ்சு நம் வலையிலேயே மீனாகத் திரும்பி வரும்.

முடிவுரை

சுருங்கச் சொன்னால், பாட்டரி வாங்கப் போகிறவர் கடைக்காரரைக் கேட்பதற்கு முன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு. ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எவ்வளவு பேசுவேன்? மின்னேற்ற எனக்கு எங்கே வசதி உண்டு? வெயில், குளிர், உப்பு இவற்றுள் எது என் கருவியைத் தாக்கும்? பாட்டரி ஓய்ந்துபோனால் என் கையில் மாற்று என்ன? இந்நான்குக்கும் விடை தெரிந்தால் பாட்டரியின் பெயர் தானே விளங்கிவிடும்.

மின்னேற்றியிலிருந்து எடுத்த முதல் மணி நேரத்தில் எல்லாப் பாட்டரிகளும் நன்றாகவே பேசும். விலை உயர்ந்ததையும் மட்டமானதையும் அப்போது பிரித்தறிய முடியாது. வேலை முடிந்து, இருட்டி, காற்று திரும்பிய பிறகு, கடைசி மணி நேரத்தில் பொத்தானை அழுத்தும்போது குரல் வெளியே போகிறதா என்பதே கேள்வி. பாட்டரியை அந்தக் கடைசி மணி நேரத்தை வைத்து வாங்குவோமாக. நாம் ஆய்வகத்தில் படிக்கும் அகமின்தடைக்கும் ஓம் விதிக்கும் மதிப்பெண்ணைத் தவிர வேறு பயனும் உண்டு என்பதை, வீட்டில் நம்மைப் படிக்க அனுப்பியவர்கள் அப்போது அறிவார்கள்.